பழகிக்கொண்டே இருப்பவர்கள்

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம் வட்டாரத்துச் சாலைகளில் போகிறவர்கள் அந்தத் துண்டறிக்கைகளைப் பார்க்காமல் இருக்க முடியாது. மின்கம்பம், நிழற்குடை, டீக்கடைச் சுவர் என்று ஒட்ட இடம் கிடைத்த இடமெல்லாம் ஒட்டியிருக்கும். ஐ.டி.ஐ., டிப்ளமா, பிளஸ் டூ, எனி டிகிரி. வயது 18 முதல் 25 வரை. தங்குமிடம், கேன்டீன், பஸ் வசதி உண்டு. கீழே ஒரு கைபேசி எண். அதில் இரண்டு விஷயங்கள் என் கண்ணை உறுத்தின. இரண்டு வருடம் படித்தவரும் மூன்று வருடம் படித்தவரும் பட்டம் வாங்கியவரும் வெறும் காற்புள்ளியால் பிரிக்கப்பட்டு ஒரே வரியில் நிற்கிறார்கள். இன்னொன்று, ‘வேலை’ என்று தலைப்பில் இருந்தாலும் பதவியின் பெயர் பெரும்பாலும் டிரெய்னி அல்லது அப்ரண்டிஸ்.

இத்தனை வெவ்வேறு படிப்புகள் ஒரே வாசலில் வந்து முட்டுவது ஏன் என்ற கேள்வியைக் கல்வியாளர்கள் கேட்டிருக்கிறார்கள். உள்ளே போனவரைத் தொழிலாளி என்று சொல்லாமல் பயிற்சியில் இருப்பவர் என்று சொல்வது ஏன் என்பதைத் தொழிலாளர் சட்டம் அறிந்தவர்கள் கேட்டிருக்கிறார்கள். இரண்டையும் சேர்த்துக் கேட்டால்தான் தமிழ்நாட்டில் படிப்புக்கும் வேலைக்கும் நடுவே நடப்பது புரியும் என்பது இக்கட்டுரையின் நிலைப்பாடு. திறன் குறைவு என்று இன்று பேசப்படுவதில் ஒரு பெரும் பகுதி, வேலை ஒப்பந்தம் பற்றிய சிக்கல்.

திறன் இடைவெளி என்னும் விளக்கம்

அரசும் தொழிலதிபர் அமைப்புகளும் சொல்லும் விளக்கம் எளிமையானது. கல்லூரிகள் கற்பிப்பது ஒன்று, ஆலைகள் கேட்பது இன்னொன்று. நடுவிலிருக்கும் பள்ளத்தைப் பயிற்சியால் நிரப்பிவிட்டால் வேலை தானே வரும். இதன் பின்னால் ஒரு கோட்பாடு உண்டு. கல்வியும் பயிற்சியும் ஒருவர் தன்னில் போடும் முதலீடு, அது அவருடைய உற்பத்தித் திறனைக் கூட்டிக் கூலியாகத் திரும்பி வரும் என்று பொருளியலாளர் கேரி பெக்கர் 1964இல் எழுதிய ‘மனித மூலதனம்’ நூல் வாதிட்டது. 2009ஆம் ஆண்டின் தேசியத் திறன் மேம்பாட்டுக் கொள்கை, 2022க்குள் 50 கோடிப் பேருக்குப் பயிற்சி என்று இலக்கு வைத்தது இந்த நம்பிக்கையில்தான். 2015இல் வந்த பிரதம மந்திரி கௌசல் விகாஸ் யோஜனாவும், 2022 மார்ச் 1 அன்று தமிழ்நாடு அரசு தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டமும் வேறு வேறு அரசியல் குரல்களில் இதையே பேசுகின்றன.

திறன் இல்லாததுதான் வேலையின்மைக்குக் காரணம் என்றால், குறைவாகப் படித்தவர்களிடம் வேலையின்மை அதிகமாக இருக்க வேண்டும். நிலவரம் நேர்மாறு. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் மனித மேம்பாட்டு நிறுவனமும் சேர்ந்து 2024இல் வெளியிட்ட இந்திய வேலைவாய்ப்பு அறிக்கையின்படி, 2022இல் எழுதப் படிக்கத் தெரியாத இளைஞர்களிடையே வேலையின்மை 3.4 சதவீதம்; பட்டதாரி இளைஞர்களிடையே 29.1 சதவீதம். இதை வைத்துப் படிப்பு கெடுக்கிறது என்று சொல்வது அபத்தம். கையில் காசில்லாதவரால் வேலையில்லாமல் இருக்க முடியாது, கிடைத்ததைச் செய்வார். பட்டதாரி காத்திருக்கிறார். அப்படியானால் கேட்க வேண்டியது, அவர் எதற்காகக் காத்திருக்கிறார் என்பதை.

2022 ஜூலையில் நடந்த டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வில் இருந்த இடங்கள் 7,301. விண்ணப்பித்தவர்கள் ஏறத்தாழ 22 லட்சம். பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும் என்ற அந்தத் தேர்வுக்குப் பட்டதாரிகளும் பொறியாளர்களும் வரிசையில் நின்றார்கள். அவர்களை இழுப்பது தொடக்கச் சம்பளம் மட்டும் இல்லை. உத்தரவு கைக்கு வந்துவிட்டால் நாளைக்கு வரவேண்டாம் என்று யாரும் சொல்ல முடியாத அந்த நிலை. அதைத்தான் வீடுகளில் ‘பெர்மனென்ட்’ என்கிறார்கள்.

பெக்கருக்கு எதிர்வாதமாக மைக்கேல் ஸ்பென்ஸ் 1973இல் முன்வைத்த கருத்து நம் ஊருக்கு இன்னும் நெருக்கமானது. முதலாளி பட்டத்தை வாங்குவது அதன் உள்ளடக்கத்துக்காக இல்லை. இவர் சொன்னதைக் கேட்டு, சொன்ன நேரத்தில் முடிக்கக்கூடியவர் என்பதற்கான அறிகுறியாக. மெக்கானிக்கல் படித்தவரையும் சிவில் படித்தவரையும் ஒரே நேர்காணலில் எடுத்து, சில மாதம் தாங்களே பயிற்சி கொடுத்து நிரல் எழுத உட்காரவைக்கும் மென்பொருள் நிறுவனங்கள் ஸ்பென்ஸை மெய்ப்பிக்கின்றன. நான்கு வருடம் படித்த வெப்ப இயக்கவியல் அந்த மேசையில் எதற்கும் பயன்படுவதில்லை.

ரொனால்ட் டோர் 1976இல் எழுதிய ‘டிப்ளமா நோய்’ இன்னொரு படி மேலே போகிறது. இங்கிலாந்து, ஜப்பான், இலங்கை, கென்யா ஆகிய நான்கையும் ஒப்பிட்டு, எவ்வளவு தாமதமாக ஒரு நாடு தொழில்மயமாகிறதோ அவ்வளவு வேகமாக அங்கே சான்றிதழின் விலை வீங்கும் என்றார். நேற்று பத்தாவதுக்குக் கிடைத்த வேலைக்கு இன்று பட்டம் கேட்பார்கள். அவர் இலங்கையைத் தேர்ந்தது தற்செயல் இல்லை. அங்கே நடந்த 1971 கிளர்ச்சியில் முன்னின்றவர்களில் படித்து வேலையில்லாத கிராமத்து இளைஞர்கள் பெருமளவில் இருந்தார்கள். அதே ஆண்டு டட்லி சீர்ஸ் தலைமையிலான சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் குழு அந்தத் தீவின் வேலையின்மையை ஆராய்ந்து, இளைஞர்களின் எதிர்பார்ப்புக்கும் இருக்கும் வேலைகளுக்கும் பொருந்தவில்லை என்று சொன்னது.

தமிழ்நாட்டுக்கு டோர் நன்றாகவே பொருந்துகிறார். 1980களின் நடுவில் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்குக் கதவு திறந்தது. கால் நூற்றாண்டு கழித்து எண்ணிக்கை ஐநூறைத் தாண்டியது. 2021–22 அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பில் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் நாடு முழுதும் 28.4, இங்கே 47. ஆனால் டோர் சான்றிதழ் ஏன் வீங்குகிறது என்று சொல்கிறாரே தவிர, சான்றிதழைக் காட்டி உள்ளே போனபின் வேலை என்னவாக இருக்கிறது என்பதற்குள் அவர் அதிகம் போகவில்லை.

1953இன் நிழல்

உள்ளே போனபின் வேலை என்னவாகிறது என்பதற்குப் போகுமுன் ஒரு பழியை ஆராய வேண்டியிருக்கிறது. தமிழ்க் குடும்பங்களுக்குக் கைத்தொழில் என்றால் இளக்காரம், அதனால்தான் ஐ.டி.ஐ.யை ஒதுக்கிவிட்டு மூன்றாந்தரப் பொறியியல் கல்லூரிக்காக நிலத்தை விற்கிறார்கள் என்ற பழி. திறன் மேம்பாட்டுக் கருத்தரங்குகளில் இது தவறாமல் ஒலிக்கும்.

மனப்பான்மை என்று இதைச் சுருக்குபவர்கள் வரலாற்றை எடுத்துவிடுகிறார்கள். 1953இல் சென்னை மாநில முதல்வர் இராஜாஜி கொண்டுவந்த மாற்றியமைக்கப்பட்ட தொடக்கக் கல்வித் திட்டம், கிராமத்துப் பிள்ளைகளின் பள்ளி நேரத்தை நாளுக்கு மூன்று மணி நேரமாகக் குறைத்தது. மீதி நேரம் பெற்றோரின் தொழிலில். ஆசிரியரும் கட்டடமும் போதாத நிலையில் இரண்டு முறை வைத்தால் இரு மடங்கு பிள்ளைகள் படிக்கலாம் என்று வாதாடினார்கள். அது பொய்யான வாதமும் இல்லை. ஆனால் ஒரு கிராமத்தில் ‘பெற்றோரின் தொழில்’ என்றால் சாதியின் தொழில். வேறு பொருள் கிடையாது. ‘குலக்கல்வி’ என்று எதிர்ப்பாளர்கள் வைத்த பெயர் நின்றதற்குக் காரணம் அது சரியான மொழிபெயர்ப்பாக இருந்ததுதான். 1954 ஏப்ரலில் காமராஜர் முதல்வரானார். அடுத்த மாதமே திட்டம் கைவிடப்பட்டது. அதை அறிவித்தவர், இராஜாஜி அமைச்சரவையிலும் கல்விப் பொறுப்பு வகித்த அதே சி. சுப்பிரமணியம்.

அந்த மோதலின் வேர் இன்னும் ஆழத்தில் இருக்கிறது. சென்னையைக் களமாகக் கொண்டு அஜந்தா சுப்பிரமணியன் எழுதிய ‘தகுதியின் சாதி’ (2019) இதைக் காட்டுகிறது. உலோகத்தையும் கல்லையும் தலைமுறைகளாகக் கையாண்டவர்களுக்குக் காலனி ஆட்சியில் கைத்தொழில் பள்ளி. அவற்றைத் தொட்டறியாத சமூகங்களுக்குப் பொறியியல் கல்லூரி. பொறியியல் என்பது கைவேலையிலிருந்து பிரிந்து எழுத்து அறிவாக, உத்தியோகமாக மாறியது அப்படித்தான். ஆக, ‘தொழிற்கல்வி’ என்ற சொல் இங்கே ஒருபோதும் வெறும் பாடத்திட்டத்தின் பெயராக இருந்ததில்லை. யார் எங்கே நிற்க வேண்டும் என்பதையும் அது சேர்த்தே சொன்னது. 1978இல் மேல்நிலைக் கல்வி வந்தபோது சேர்க்கப்பட்ட தொழிற்பிரிவு, மற்ற குரூப்பில் இடம் கிடைக்காதவர்கள் போகுமிடமாக ஆனதில் வியக்க ஒன்றுமில்லை.

இருந்தாலும் வரலாற்றுக் காயம் மட்டுமே காரணம் என்றால், ஐ.டி.ஐ.க்கு மவுசு இருந்த ஒரு காலத்தை விளக்க முடியாது. பெரம்பூரில் ஐ.சி.எஃப்., நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி நிறுவனம், திருவெறும்பூரில் பெல், ஆவடியில் கனரக வாகன ஆலை என்று 1950களிலும் 60களிலும் பொதுத்துறை ஆலைகள் எழுந்தன. ஃபிட்டர், டர்னர், வெல்டர் சான்றிதழோடு அப்ரண்டிஸாக நுழைந்து, பெர்மனென்ட் ஆகி, குவார்ட்டர்ஸில் குடியேறி, பிள்ளைகளைப் பொறியாளராக்கியவர்கள் ஒரு தலைமுறை. பெல்லில் வேலை என்றால் திருச்சி வட்டாரத்தில் பெண் கொடுக்கத் தயங்க மாட்டார்கள். கையில் கிரீஸ் இருந்தது; இளக்காரம் இல்லை.

கானா நாட்டுப் பள்ளிகளை ஆராய்ந்த ஃபிலிப் ஃபாஸ்டர் 1965இல் சொன்னது இங்கே கைகொடுக்கிறது. மாணவர்கள் ஏட்டுக் கல்வியை நாடுவது அறியாமையால் என்று அரசுகள் நினைக்கின்றன. உண்மையில் எந்தப் படிப்பு எந்தச் சம்பளத்துக்கும் பாதுகாப்புக்கும் இட்டுச்செல்கிறது என்பதை அவர்கள் சரியாகவே கணக்கிடுகிறார்கள். பாடத்திட்டத்தை மாற்றி அந்தக் கணக்கை மாற்ற முடியாது. தொழிற்பள்ளி பற்றிய இந்த மாயையை அவர் பெயர் சொல்லிக் கண்டித்து அறுபது ஆண்டுகள் ஆகின்றன. நம் கொள்கை ஆவணங்களில் அவருக்கு இன்னும் இடம் கிடைக்கவில்லை.

சட்டம் வரைந்த பழகுநர்

குடும்பங்கள் போடும் அந்தக் கணக்கை அரசின் விதியே எழுதிவைத்திருக்கிறது. தொழிற்பழகுநர் சட்டத்தின் கீழ் 2019இல் திருத்தப்பட்ட விதிகள் மாத உதவித்தொகையின் கீழ் வரம்பை நிர்ணயித்தன. பத்தாவது முடித்தவருக்கு ரூ.6,000. பிளஸ் டூ முடித்தவருக்கு ரூ.7,000. டிப்ளமாவுக்கு ரூ.8,000, பட்டதாரிக்கு ரூ.9,000. ஐ.டி.ஐ. சான்றிதழ் வைத்திருப்பவருக்கு? அதே ரூ.7,000. பத்தாவதுக்குப் பின் இரண்டு வருடம் லேத்தில் நின்று பழகியவரும், அதே இரண்டு வருடம் ஆலை வாசலையே பார்க்காமல் வகுப்பில் உட்கார்ந்தவரும் ஆலைக்குள் நுழையும்போது சமம். ஒருபுறம் கைத்திறனுக்கு மதிப்பில்லையே என்று வருந்தும் அரசு, மறுபுறம் அதற்கு வைத்த விலை இது. ஒரு தந்தை பிளஸ் டூவைத் தேர்ந்தெடுத்தால் அவரை மனப்பான்மைக்காகக் குறை சொல்ல என்ன இருக்கிறது?

1961இல் இயற்றப்பட்ட அந்தச் சட்டத்தின் அமைப்பையும் பார்க்க வேண்டும். அதன் 18ஆம் பிரிவின்படி பழகுநர் பயிற்சி பெறுபவர், தொழிலாளி இல்லை. தொழிலாளர் சட்டங்கள் அவருக்குப் பொருந்தா. ஆலைப் பாதுகாப்பு, நலன் பற்றிய ஏற்பாடுகளும் விபத்து இழப்பீடும் மட்டும் உண்டு. 22ஆம் பிரிவு பயிற்சி முடிந்தபின் வேலை கொடுக்க முதலாளியைக் கட்டாயப்படுத்தவில்லை. ஏற்கும்படி பழகுநரையும் கட்டாயப்படுத்தவில்லை. தாளில் இது சமநிலை. வாழ்க்கையில் ஒரு பக்கம் ஆலை, மறுபக்கம் இருபது வயதுப் பையன்.

பொதுத்துறை காலத்தில் இந்தப் பிரிவு பெரிய கேடு செய்யவில்லை. ஆலைகள் விரிந்துகொண்டிருந்தன, பழகியவரை எடுத்துக்கொள்வது வழக்கமாக இருந்தது. விரிவு நின்றதும் பிரிவின் பல் தெரிந்தது. ரயில்வேயிலும் நெய்வேலியிலும் இந்தச் சட்டப்படி ‘ஆக்ட் அப்ரண்டிஸ்’ பயிற்சி முடித்தவர்கள் வேலை கேட்டுப் போராடுவது தொடர்கதையாயிற்று. 1995இல் உத்தரப் பிரதேசப் போக்குவரத்துக் கழக வழக்கில் உச்ச நீதிமன்றம், மற்ற தகுதிகள் சமமாக இருந்தால் பழகுநர் பயிற்சி முடித்தவருக்கு முன்னுரிமை தர வேண்டும் என்றது. முன்னுரிமை, உரிமை ஆகவில்லை. பின்னாளில் ரயில்வே தன் கடைநிலைப் பணிகளில் 20 சதவீதத்தை இவர்களுக்கு ஒதுக்கியது. 2014ஆம் ஆண்டுத் திருத்தம், பழகுநரை வேலைக்கு எடுப்பது பற்றி முதலாளி தன் கொள்கையைத் தானே வகுத்துக்கொள்ள வேண்டும் என்றதோடு, விதி மீறினால் சிறைத் தண்டனை என்பதையும் நீக்கியது. 2019 விதிகள் பழகுநர் எண்ணிக்கையை மொத்தப் பணியாளரில் 2.5 முதல் 15 சதவீதம் வரை வைக்க இடம் தந்தன. 2016இல் தொடங்கிய தேசியப் பழகுநர் ஊக்குவிப்புத் திட்டத்தில் உதவித்தொகையின் கால் பங்கை, ரூ.1,500 வரை, அரசே ஏற்றது.

இதன் பக்கத்தில் தமிழ்நாட்டின் 1981ஆம் ஆண்டுச் சட்டத்தை வைத்துப் படிக்க வேண்டும். 24 மாதங்களில் 480 நாள் தொடர்ந்து வேலை செய்த தொழிலாளியை நிரந்தரமாக்க வேண்டும் என்கிறது அது. தொழிலாளிக்கு ஆதரவாக எந்த மாநிலமும் பெருமைப்படக்கூடிய சட்டம். 480 நாள் என்பது ஏறத்தாழ ஒன்றரை வருடம். துண்டறிக்கைகளில் வயது வரம்பு ஏன் 25இல் நிற்கிறது, ஆட்கள் ஏன் தொகுதி தொகுதியாக வந்து போகிறார்கள் என்பதற்கு விடையின் ஒரு பகுதி இங்கே இருக்கிறது. தொழிலாளி என்று பெயர் வைத்தால் நாள்கள் எண்ணப்படும். டிரெய்னி என்று வைத்தால் அந்த எண்ணிக்கையையே வழக்காடி நிறுவ வேண்டும்.

2013இல் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு கொண்டுவந்த ‘நீம்’ திட்டம் இந்த உத்திக்குக் கல்வியின் முத்திரையையே கொடுத்தது. நிறுவனத்துக்கும் பயிற்சி பெறுபவருக்கும் நடுவே ஒரு முகவர். மூன்று மாதம் முதல் மூன்று வருடம் வரை இளைஞர் ஆலையில் ‘பயிற்சி’ பெறலாம். தொழில் தெரியாதவருக்கான குறைந்தபட்சக் கூலி அளவுக்கு உதவித்தொகை. மூன்று வருடம் பயின்ற பிறகும் தொழில் தெரியாதவருக்கான கூலி என்ற முரண்பாட்டை வடிவமைத்தவர்கள் கவனித்தார்களா தெரியாது. தொழிற்சங்கங்கள் கவனித்தன. 2022இல் அந்த விதிமுறைகளே திரும்பப் பெறப்பட்டன. பெயர் போனது; பழக்கம் போகவில்லை.

கொங்கு வட்டாரத்து நூற்பாலைகளின் ‘சுமங்கலித் திட்டம்’ இதே தர்க்கத்தின் கடூரமான வடிவம். தென்மாவட்டத்துக் கிராமங்களிலிருந்து வந்த இளம்பெண்களை அப்ரண்டிஸ் என்று பெயரிட்டு மூன்று வருடம் விடுதியில் வைத்து, முடிவில் திருமணத்துக்கு ஒரு மொத்தத் தொகை என்று வாக்களித்தார்கள். இயந்திரத்தில் நூல் அறுந்தால் முடியக் கற்க மூன்று வருடம் வேண்டியதில்லை. இந்தியத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் பத்தில் நான்கு பேர் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள் என்று நியாயமாகவே பெருமைப்படுகிறோம். அவர்களில் எத்தனை பேர் எந்தப் பெயரில் உள்ளே நிற்கிறார்கள் என்பதும் அந்தப் பெருமையோடு சேர்த்துப் பேச வேண்டியது.

சான்றிதழ் இல்லாத பட்டறைகள்

வேலை கற்றல் இந்த நாட்டில் பெரும்பாலும் சட்டத்துக்கு வெளியேதான் நடக்கிறது. 2023–24 பொருளாதார ஆய்வறிக்கை தந்த கணக்கில், 15–29 வயதினரில் முறையான தொழிற்பயிற்சி பெற்றவர்கள் 4.4 சதவீதம், முறைசாராமல் கற்றவர்கள் 16.6 சதவீதம்.

திருப்பூரில் டெய்லருக்குக் கைமடியாக உட்கார்ந்து, துணி மடித்துக் கொடுத்துக்கொண்டே மிஷின் பழகி, பிறகு பவர்டேபிளில் சொந்தமாக நாலு மிஷின் போட்டவர்களின் கதையை ஷரத் சாரி தன் நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். நிலத்திலிருந்து வந்த கவுண்டர் சமூகத்து உழைப்பாளிகள் பலர் முதலாளியானதை அவர் காட்டுகிறார். திறன் இருந்தால் மேலே வரலாம் என்பதற்கு இதை மேற்கோள் காட்டுவோர் அவர் காட்டிய மற்றதை விட்டுவிடுகிறார்கள். கடன் கொடுக்கவும் ஆர்டர் கைமாற்றவும் சாதி வலைப்பின்னல் இருந்தவர்களுக்கு அந்த ஏணி இருந்தது. அதே மிஷினை அதே திறமையோடு ஓட்டிய தலித் தொழிலாளிக்கும் பெண்ணுக்கும் அப்படி இல்லை.

கட்டட வேலையில் இது இன்னும் பச்சையாகத் தெரியும். சித்தாளாக வரும் ஆண் சில வருடத்தில் பெரியாளாவார், பிறகு கரண்டி பிடித்துக் கொத்தனார், மேஸ்திரி. சித்தாளாக வரும் பெண் சித்தாளாகவே ஓய்வார். முப்பது வருடம் கலவை கொடுத்த அந்த அம்மாவுக்குச் சுவரின் கோணல் கண்ணாலேயே தெரியும். கரண்டி மட்டும் அவர் கைக்கு வராது. அவரிடம் இல்லாதது திறன் என்று எந்த அளவுகோலை வைத்துச் சொல்வது?

எதிர்த்தரப்புக்குச் சேர வேண்டியது

இவ்வளவு சொன்ன பிறகும் திறன் இடைவெளி முழுக்கக் கற்பனை என்று நான் வாதிடவில்லை. ஆய்வகம் பூட்டிக் கிடக்கும் கல்லூரிகள், நேற்றுப் பட்டம் வாங்கியவரே இன்று பாடம் நடத்தும் வகுப்புகள், மல்டிமீட்டரைக் கையில் பிடிக்காமலே முடிந்துபோகும் மின்னியல் பட்டங்கள் எல்லாம் உண்மை. கிராமத்து அரசுப் பள்ளியிலிருந்து வந்த முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு நேர்காணலில் வாய் திறக்கும் துணிச்சலை ‘நான் முதல்வன்’ தருகிறது என்றால் அது சிறிய காரியம் இல்லை. டாடா டெக்னாலஜிஸுடன் சேர்ந்து ரூ.2,877 கோடியில் 71 அரசு ஐ.டி.ஐ.க்களில் நவீன இயந்திரங்களை நிறுவும் திட்டத்தையும் குறைத்து மதிப்பிட முடியாது. பழைய லேத்தில் பழகி ரோபோ ஓடும் ஆலைக்குப் போவது கஷ்டம்தான்.

இத்திட்டங்களுக்கு முன்மாதிரியாக எப்போதும் ஜெர்மனி காட்டப்படுகிறது. வாரத்தில் ஓரிரு நாள் பள்ளி, மற்ற நாள்கள் ஆலை. நம்மவர்கள் அங்கே போய்ப் பார்த்துவிட்டு வருவது பட்டறையை. அந்த ஏற்பாட்டைத் தாங்கி நிற்பது 1969ஆம் ஆண்டின் தொழிற்பயிற்சிச் சட்டமும், பாடத்திட்டத்தை வரையும் மேசையில் முதலாளிகளுக்குச் சமமாக உட்காரும் தொழிற்சங்கங்களும், பயிற்சிக் காலத் தொகையையும் அதற்குப் பிந்தைய சம்பளத்தையும் வரையறுக்கும் கூட்டு ஒப்பந்தங்களும். இவற்றை விட்டுவிட்டு லேத்தை மட்டும் இறக்குமதி செய்ய முடியும். செய்திருக்கிறோம்.

‘பயிற்சி பெற்றோர் இத்தனை லட்சம், பணி ஆணை பெற்றோர் இத்தனை ஆயிரம்’ என்று வேலைவாய்ப்பு முகாம் மேடைகளில் வாசிக்கப்படும் எண்களையும் இந்த வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். பணி ஆணை என்று கையில் கொடுக்கப்படும் தாளில் பதவி டிரெய்னி என்றிருந்தால் அது எந்தக் கணக்கில் வரும்? ஐந்நூறாவது நாளில் அவர் எங்கே இருந்தார் என்று கேட்காத கணக்கு, கல்வியின் பயனையும் அளக்காது, பயிற்சியின் பயனையும் அளக்காது.

பொதுத்துறை நிறுவனங்களின் ஆள்சேர்ப்பு அறிவிக்கைகளில், பொடி எழுத்தில், அடிக்கடி ஒரு நிபந்தனை வரும்: பழகுநர் பயிற்சிக் காலம் முன் அனுபவமாகக் கருதப்பட மாட்டாது. ஷிப்டுக்கு ஷிப்டு இயந்திரத்தின் முன் நின்ற அந்த ஒரு வருடம் உழைப்பாக எண்ணப்படாததற்குக் காரணம் அது பயிற்சி என்பது. அதே வருடம் விண்ணப்பத்தில் அனுபவமாகவும் எண்ணப்படுவதில்லை, காரணம் அதேதான். இரண்டு வரிகளையும் எழுதுவது பல நேரம் ஒரே நிறுவனத்தின் ஒரே பணியாளர் பிரிவு.